டென்ஷன் திருகிலிருந்து கையை எடுங்கள்

பூட்ஸ் சோல் தைக்கும் கனரக மெஷினில் தையல் விட ஆரம்பித்தால், பெரும்பாலானவர்களின் கை நேராக டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. அரைச் சுற்று இறுக்குகிறார்கள். சரியாகவில்லை என்றால் ஒரு சுற்று தளர்த்துகிறார்கள். அடுத்து பாபின் ஸ்பிரிங்கைத் திருகுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு கோளாறு இருந்த மெஷினில் மூன்று கோளாறு சேர்ந்துவிடுகிறது. காலையில் திருகு எங்கே நின்றிருந்தது என்பதற்கு அடையாளமும் மிஞ்சுவதில்லை.

சோல் தையல் மெஷினில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஊசி, குத்தூசி, நூல், மெழுகு இந்த நான்கில்தான் இருக்கிறது. இல்லையென்றால் மெஷின் மேல் வைத்திருக்கும் பூட்ஸில் இருக்கிறது. டென்ஷன் அதற்குப் பிறகு. டைமிங், அதாவது பாகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் நேரக் கணக்கு, எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொள்கிறவர் பட்டறையில் மெக்கானிக் ஆகிறார்; விட்டுவிடுகிறவர் ஆபரேட்டராகவே இருந்துவிடுகிறார். சம்பளத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். ஷூ ரிப்பேர் கடை வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ ஃபேக்டரியில் மெஷின் அருகே நிற்கும் இளைஞர்கள் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டிய வரிசை இது.

முதலில், உங்கள் மெஷின் எது?

ரிப்பேர் பட்டறைகளில் பொதுவாக மூன்று வகை மெஷின்களைப் பார்க்கலாம். மூன்றுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

ஒன்று, நீண்ட கை உள்ள பேட்ச் மெஷின். சிங்கர் 29 வரிசையும், அதே அமைப்பில் சீனாவிலிருந்து வரும் கையால் சுற்றும் மெஷின்களும் இதில் சேரும். ஃபுட்டை எந்தத் திசைக்கும் திருப்பித் தைக்கலாம் என்பதுதான் இதன் பலம். மேல்தோல் கிழிசல், ஜிப், வார்ப்பட்டை எல்லாவற்றுக்கும் அருமையான மெஷின். ஆனால் தடித்த சோலைத் தைக்க இது ஆகாது. விலை குறைவு என்று இதை வாங்கி, பூட்ஸ் சோலை அடியில் திணித்து, ஊசியை உடைத்துவிட்டு மெஷினைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அது செய்யவே பிறக்காத வேலையை அதனிடம் கேட்கிறோம்.

இரண்டாவது, பிளேக் மெஷின். மெக்கே என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த லைமன் பிளேக் 1858-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கார்டன் மெக்கே அந்த உரிமையை விலைக்கு வாங்கி, மெஷினை மேம்படுத்தி, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படைக்கு இதில் ஷூ தைத்துக் கொடுத்தார். பூட்ஸின் உள்ளே நுழையும் கொம்பு ஒன்று இருக்கும். நூல் அந்தக் கொம்பின் வழியாக ஏறும். மேலிருந்து வரும் கொக்கி ஊசி சோலையும் இன்சோலையும் சேர்த்துத் துளைத்து, கொம்பின் நுனியில் இருக்கும் சிறு வளையம் சுற்றித் தரும் நூலை இழுத்துக்கொண்டு மேலே போகும். பழைய பிளேக் மெஷின்கள் போடுவது சங்கிலித் தையல். கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும்.

மூன்றாவதுதான் பூட்ஸ் ரிப்பேரின் உண்மையான உழைப்பாளி: வெல்ட்டையும் (மேல்தோலின் ஓரத்தைச் சுற்றித் தைத்திருக்கும் பட்டை) வெளிச்சோலையும் சேர்த்துத் தைக்கும் லாக் ஸ்டிச் மெஷின். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரோடு ஒட்டிக்கொண்ட வெல்ட் முறைக்கானது இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் செய்த லாண்டிஸ் மெஷின்களும், இங்கிலாந்தின் லெஸ்டரில் பிரிட்டிஷ் யுனைடெட் செய்த மெஷின்களும் பல நாடுகளில் இன்னும் ஓடுகின்றன. இவற்றில் இரண்டு முனைகள் வேலை செய்யும். குத்தூசி துளை போடும். அதே துளைக்குள் கொக்கி ஊசி வந்து நூலை இழுக்கும். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் கோளாறுகளுக்கு விடை கிடைத்துவிடும். கொக்கி ஊசியின் வேலை தோலைத் துளைப்பது அல்ல. குத்தூசி மழுங்கியோ மெலிந்தோ போய், துளைக்கும் வேலை ஊசியின் தலையில் விழுந்தால், ஊசி உடைந்தே தீரும்.

பூட்ஸைச் சந்தேகப்படுங்கள்

மெஷினை நிறுத்தியதும் முதலில் செய்ய வேண்டியது, பூட்ஸை எடுத்துவிட்டு ஒரு வெட்டுத் துண்டைத் தைத்துப் பார்ப்பது. நல்ல சோல் தோலில் இரண்டு துண்டுகளைச் சேர்த்து, பூட்ஸின் தடிமனுக்கு ஒட்டி, எப்போதும் மெஷின் பக்கத்தில் வைத்திருங்கள். அதில் தையல் ஒழுங்காக விழுந்தால் மெஷினில் குறையில்லை, குறை பூட்ஸில். அதிலும் தையல் விட்டால் மெஷினைத் திறக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் டைமிங்கைக் கலைத்தவர்கள் ஏராளம்.

ஊசி உடைவதற்கும் இதே போன்ற ஒரு கணக்கு உண்டு. ஒரே பூட்ஸில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைந்தால் பூட்ஸைப் பாருங்கள். எந்தப் பூட்ஸ் வைத்தாலும், எந்த இடத்திலும் உடைந்தால் மெஷினைப் பாருங்கள்.

பழைய பூட்ஸ் என்பது முன்பு யார் யாரோ ரிப்பேர் பார்த்த பூட்ஸ். பழைய சோலைக் கழற்றியபோது தலை மட்டும் போய், உடல் உள்ளேயே நின்றுவிட்ட ஆணிகள் இருக்கும். குதிகாலுக்கு முன்னால் இடுப்புப் பகுதியில் எஃகுப் பட்டை இருக்கும். வெல்ட் மடிப்பில் பொடிக்கல் இருக்கும். காந்தம் ஒன்றை ஓரம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் காந்தத்தோடு நிறுத்தாதீர்கள். பழைய வேலையில் பித்தளை ஆணியும் பித்தளைத் திருகும் போட்டிருப்பார்கள்; காந்தம் அதைக் காட்டிக்கொடுக்காது. கட்டை விரலை அழுத்தி ஓரம் முழுக்கத் தடவ வேண்டும். விரலுக்குச் சந்தேகம் வந்த இடத்தில் மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு பூட்ஸ் வந்தால் இன்னும் கவனம் தேவை. ஐ.எஸ். 15298 முத்திரை உள்ள பூட்ஸ்களில் பெரும்பாலானவற்றில் முன்விரல் பகுதியில் காப்புத் தொப்பி இருக்கும். சிலவற்றில், ஆணி ஏறாமல் இருக்க இன்சோலுக்குக் கீழே எஃகுத் தகடும் இருக்கும். அப்படிப்பட்ட பூட்ஸைப் பிளேக் மெஷினில் வைக்கவே கூடாது. அந்த மெஷினின் ஊசி இன்சோலைத் துளைத்துத்தான் போயாக வேண்டும். வழியில் தகடு நிற்கும். தகடுக்குப் பதில் துணி அடுக்கு போட்ட பூட்ஸாக இருந்தால் ஊசி உடையாது. ஆனால் அந்த அடுக்கில் வரிசையாகத் துளை விழும். அதை நம்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவரின் பாதம் நம் பொறுப்பில் இருக்கிறது. இங்கே பெரும்பாலான தொழிற்சாலை பூட்ஸ்களின் சோல், அச்சில் வைத்து நேரடியாக ஊற்றியது. அவற்றுக்கு வெல்ட்டே கிடையாது. தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைக்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்.

பூட்ஸில் இன்னொரு எதிரி, காயாத சொல்யூஷன். சோலை ஒட்டிய சூட்டோடு மெஷினில் வைத்தால் ஊசியின் கொக்கி பசையை வாரிக்கொண்டு வரும். அடுத்த சில தையல்களில் கொக்கி அடைத்து, நூல் அதில் உட்காராது. தையல் விடும். துடைத்தால் சரியாகும், மறுபடி விடும். வாடிக்கையாளர் எதிரே நின்று அவசரப்படுத்தினாலும், சொல்யூஷன் காய்வதற்கு முன் தைக்காதீர்கள்.

ஒரு தையல், கையால்

வெட்டுத் துண்டிலும் தையல் விடுகிறது என்றால் இப்போது மெஷினின் முறை. மின்சாரத்தைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே எடுங்கள். கிளட்ச் மோட்டார் உள்ள மெஷினில் பெடல் மேல் ஏதாவது விழுந்தாலும் ஊசி பாயும். வெளிச்சத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நூலையும் வெட்டுத் துண்டையும் போட்டபடியே கை வீலை மெதுவாகச் சுற்றுங்கள். மெழுகு மெஷின் என்றால் சூடு ஏறியிருக்க வேண்டும்.

வெல்ட் தைக்கும் மெஷினில் நீங்கள் காண வேண்டியது இதுதான். ஃபுட் பூட்ஸை அழுத்திப் பிடிக்கிறது. குத்தூசி வந்து துளைக்கிறது. துளைக்குள் இருந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, பூட்ஸை ஒரு தையல் நீளத்துக்குத் தள்ளுகிறது. அந்த நொடியில் ஃபுட் லேசாகத் தூக்கிக்கொடுக்க வேண்டும். பிறகு ஃபுட் மறுபடி அழுத்த, குத்தூசி வெளியேறுகிறது. கொக்கி ஊசி அதே துளையில் நுழைகிறது. நூலைச் சுற்றித் தரும் லூப்பர் அதன் கொக்கியில் நூலை வைக்கிறது. ஊசி பின்வாங்கும்போது ஒரு கண்ணி உருவாகி வெளியே வருகிறது. ஷட்டிலின் நுனி அந்தக் கண்ணிக்குள் புகுந்து பாபின் நூலைக் கடத்துகிறது. கடைசியில் டேக்-அப் நூலை இழுத்து, இரண்டு நூலும் பிணையும் பூட்டைத் தோலுக்குள் இறக்குகிறது.

இத்தனையும் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. கையால் சுற்றும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். எந்தப் படியில் வேலை தவறுகிறது என்று பார்த்துவிட்டால், எந்தப் பாகத்தைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்து வைப்பதும் நல்லது. மெஷின் நன்றாக ஓடும் நாளில் ஒருமுறை எடுத்து வைத்தால், கெட்டுப்போகும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தத் தொழிலுக்கு ஃபோன் கொடுத்த மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன்.

எந்தப் படி தவறினால் என்ன?

கண்ணியே வரவில்லையா? ஊசியைக் கழற்றி ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். இயல்பிலேயே வளைந்த வகை ஊசி என்றால் அதே எண்ணுள்ள புது ஊசியோடு சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். கொக்கியின் உட்புறத்தில் சிறு பஞ்சுத் துணுக்கை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் பிசிர் இருக்கிறது. பிசிரைத் தேய்த்து நேராக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள், புது ஊசி போடுங்கள். தேய்த்த கொக்கி வடிவம் மாறும், நூலை விடும், அந்தப் பழியை டைமிங் ஏற்கும்.

ஊசி நன்றாக இருந்தும் கண்ணி வரவில்லை என்றால், மூன்றைப் பாருங்கள். ஊசி அதன் பிடியில் முழுவதும் ஏறி உட்கார்ந்திருக்கிறதா? கொக்கியின் வாய் லூப்பர் வரும் திசையைப் பார்த்து நிற்கிறதா? நூல் கொக்கிக்குள் அடங்கும் தடிமன்தானா? தடித்த நூல் உறுதியானது என்று நினைத்து மெல்லிய ஊசியில் போடுகிறார்கள். கொக்கியின் வாயில் பாதி இழை உள்ளே, பாதி இழை வெளியே நிற்கும். தையல் விழும், ஆனால் நூல் பிளந்து விழும். சில வாரத்தில் அறுந்துவிடும். ஊசி எண்ணும், குத்தூசி எண்ணும், நூலின் தடிமனும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். உங்கள் மெஷினின் கையேட்டில் அந்தப் பட்டியல் இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள்.

கண்ணி வருகிறது, ஆனால் ஷட்டில் அதைப் பிடிக்கவில்லையா? ஷட்டிலின் நுனி மழுங்கியிருக்கலாம். நூல் துணுக்கும் பழைய மெழுகும் ஷட்டில் ஓடும் தடத்தில் இறுகியிருக்கலாம். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி போட்டாலே பாதி மெஷின்கள் பேசாமல் தைக்க ஆரம்பித்துவிடும்.

தையல் விடும் இடத்துக்கும் ஒரு மொழி உண்டு. ஒரே சீராக, இத்தனை தையலுக்கு ஒன்று என்று விட்டால், சுற்றும் பாகம் ஏதோ ஒன்றில் ஆட்டம் இருக்கிறது. ஒழுங்கில்லாமல் அங்கங்கே விட்டால் ஊசி, நூல், ஃபுட் அழுத்தம். முன்விரல் வளைவில் மட்டும் விட்டால், தவறு பெரும்பாலும் தைப்பவரின் கையில். ஊசி உள்ளே இருக்கும்போது பூட்ஸை இழுத்துத் திருப்புகிறார். ஊசி வளைந்து லூப்பருக்கு எட்டாமல் போகிறது. பூட்ஸைத் தள்ளுவது குத்தூசியின் வேலை. கை தாங்கிக்கொடுத்து, திசை மட்டும் காட்ட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் அதிக நேரம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இழுக்கும் கையோடு பழகிவிட்டவரை மாற்றுவது மிகவும் கடினம்.

ஃபுட் அழுத்தம் குறைந்தால், ஊசி பின்வாங்கும்போது சோலும் கூடவே எழும்பும். எழும்பினால் கண்ணி சரியாக விரியாது. அழுத்தம் அதிகமானாலும், குத்தூசி தள்ளும் நேரத்தில் ஃபுட் தூக்காவிட்டாலும் தையல் நீளம் சுருங்கும். குத்தூசி வளைந்து, ஊசிப் பாதையிலிருந்து விலகியிருந்தால் ஊசி துளையைத் தேடித் தோலில் முட்டும். வெட்டுத் துண்டில் குத்தூசியை மட்டும் இறக்கி, அதே துளையில் ஊசியைக் கையால் கொண்டுவந்து பார்த்தால் விலகல் உடனே தெரியும்.

பிளேக் மெஷினில் கண்ணி வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கொம்பு நுனி வளையத்தின் மேல். மெழுகும் தோல் தூளும் அடைத்து, அது முழுவதும் சுற்றாமல் நின்றிருக்கும். வளையத்தின் கண்ணில் நூல் ஓடி ஓடித் தடம் விழுந்திருந்தால் நூல் அங்கேதான் அறுபடும். தடம் விழுந்த வளையத்தை மாற்றியே ஆக வேண்டும்.

நூலும் மெழுகும்

முறுக்கு திசை தவறிய நூலால் வரும் தொல்லையை டென்ஷனால் ஒருநாளும் தீர்க்க முடியாது. நூலை நேராகத் தொங்கவிட்டு உற்றுப் பாருங்கள். இழைகள் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலாக ஏறினால் அது இசட் முறுக்கு. எதிர்த்திசையில் ஏறினால் எஸ் முறுக்கு. மெஷினுக்கு எது வேண்டுமோ அதுதான் வேண்டும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு தையலிலும் நூல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, பஞ்சாகி, கொக்கியில் சிக்கி அறும். நூல் கண்டு வாங்கும்போது கடைக்காரரிடம் திசையைச் சொல்லிக் கேளுங்கள். நிறத்தை மட்டும் காட்டி வாங்காதீர்கள்.

மெழுகுக்கு மூன்று வேலை. நூலை வழுக்க வைக்கும், துளையை அடைக்கும், பூட்டைப் பிடித்து நிறுத்தும். சூட்டு மெழுகுப் பாத்திரம் உள்ள மெஷினில் மெழுகு முழுதாக இளகும் முன் ஓட்டினால் நூல் விறைத்து நிற்கும். கண்ணி விரியாது, பூட்டு உள்ளே இறங்காது. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் காலையில் இது தினசரிப் பிரச்சினை. மெழுகு மட்டும் இளகினால் போதாது. நூல் போகும் வழி முழுவதும் சூடேற வேண்டும். மாறாகச் சூடு மீறினால் மெழுகு கருகி நூலின் பலத்தைக் குறைக்கும். மாலையில் அணைத்த மெஷின் உள்ளே மெழுகு கல்லாக இறுகியிருக்கும். காலையில் சூடேற்றாமல் கை வீலைப் பலமாகத் திருப்பினால், பாகம் உடையும். அந்தப் பாகத்துக்கு நாம் ஊர் ஊராக அலைவோம்.

ரப்பர் சோலில் தோல் சோலின் விதிகள் எடுபடாது. ரப்பர் ஊசியைக் கவ்விப் பிடிக்கும். குத்தூசி வெளியே வந்ததும் துளை மூடிக்கொள்ளும். வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி நைலான், பாலியெஸ்டர் நூலை இளக்கும். வேகத்தைக் குறையுங்கள். நூலுக்குச் சிலிகான் எண்ணெய் கொடுங்கள். குத்தூசியைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சொல்யூஷனில் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். மெழுகுப் பாத்திரத்தைக் கேஸ் அடுப்பிலோ விளக்கிலோ சூடேற்றும் பட்டறையில், அதே மேசைக்கு அடியில் சொல்யூஷன் டின்னைத் திறந்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கிறோம். சின்ன அறை, ஒரே கதவு. சூடேற்றும் இடமும் ஒட்டும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். இடமில்லை என்றால் தனித்தனி நேரத்திலாவது நடக்க வேண்டும். மெஷின் முன் உட்காரும்போது துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் வரக் கூடாது. பெல்ட் மூடியைக் கழற்றி மூலையில் வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள்.

இப்போது டென்ஷன்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்த பிறகு டென்ஷன் வேலை சுலபம். எந்தப் பக்கம் பூட்டு தெரிகிறதோ அந்தப் பக்கத்து நூலின் இழுவை கூடுதல். அதைத் தளர்த்துங்கள், அல்லது எதிர்ப்பக்கத்தை இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் கால் சுற்று. வெட்டுத் துண்டில் தைத்து, தையல் வரிசையின் ஓரமாகவே கத்தியால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். பூட்டு தடிமனின் நடுவில் உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும். மேலே மட்டும் பார்த்து, அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டால், தரையில் உராயும் பக்கத்தில் பூட்டு தேய்ந்து தையல் மொத்தமும் திறந்துகொள்ளும்.

தையல் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உழைப்புக்கான பூட்ஸுக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் வழக்கம். நயமான ஷூக்களில் 9, 10 என்று போவார்கள். ரிப்பேர் வேலையில் நயம் காட்ட நினைத்து நெருக்கித் தைக்காதீர்கள். பழைய வெல்ட்டில் ஏற்கெனவே ஒரு வரிசைத் துளை இருக்கிறது. அதன் அருகில் இன்னொரு நெருக்கமான வரிசை விழுந்தால் தபால்தலை ஓரம் போல வெல்ட் கிழிந்து வரும். வெல்ட் காய்ந்து விரிசல் விட்டிருந்தால் தைக்க ஒப்புக்கொள்ளாமல், வெல்ட்டை மாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். கூடுதல் செலவைக் கேட்டு அவர் முகம் சுருங்கலாம். தைத்த பூட்ஸ் அடுத்த மாதம் வாயைப் பிளந்து திரும்பி வந்தால் சுருங்குவது உங்கள் பெயர்.

டைமிங் கடைசி என்றேன். அதைத் தொட வேண்டிய நாளும் வரும். பெரிய அளவில் ஊசி சிக்கி மெஷின் அடித்து நின்ற பிறகு, அல்லது கேம், ஷாஃப்ட் எதையாவது மாற்றிய பிறகு. அன்றைக்கு எதையும் தளர்த்துவதற்கு முன், ஒட்டி நிற்கும் இரண்டு பாகங்களின் மேலும் சேர்த்துக் கூரான கம்பியால் ஒரு கோடு கீறுங்கள். ஃபோட்டோ எடுங்கள். செட் ஸ்க்ரூ ஒன்றைத் தளர்த்தி, சரிசெய்து, இறுக்கி, கையால் ஒரு தையல் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கோடு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும். தேதி, பூட்ஸ் வகை, சோல், ஊசி எண், நூல், வந்த கோளாறு, செய்த வேலை. ஒரு வருடம் எழுதினால், உங்கள் மெஷினுக்கு அந்த நோட்டைவிட நல்ல கையேடு கிடையாது. வேலை மாறிப் போகும்போது, இன்டர்வியூவில் அதைக் காட்டுங்கள். சான்றிதழைவிட அது அதிகம் பேசும்.

கற்கும் இடம், வாங்கும் நேரம்

முறையாகக் கற்க நினைப்பவர்களுக்குச் சென்னையில் வழி இருக்கிறது. அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இரண்டும் காலணித் தொழிலுக்கான பயிற்சிகளை நடத்துகின்றன. அங்கே தயாரிப்பு முறையும் மெஷின்களின் அடிப்படையும் கிடைக்கும். ரிப்பேருக்கான கை பட்டறையில்தான் கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

மெஷினைச் சரிசெய்யும் அறிவு ஏன் தைப்பவரிடம் இல்லாமல் போனது என்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1899-இல் உருவான யுனைடெட் ஷூ மெஷினரி நிறுவனம் தன் முக்கியமான மெஷின்களை விற்கவே இல்லை, வாடகைக்குத்தான் விட்டது. ரிப்பேருக்குத் தனிக் கட்டணம் வாங்காமல் தன் ஆட்களையே அனுப்பியது. அதனால் வெளியே தனி மெக்கானிக் கடைகள் வளரவே இல்லை என்பதை அந்த நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1953-இல் நீதிபதி வைசான்ஸ்கி தன் தீர்ப்பில் குறிப்பிட்டார். இலவசமாக வந்த சர்வீஸ், ஒரு தலைமுறையின் கைத்திறனை வளரவிடாமல் செய்திருக்கிறது. கம்பெனி ஆள் வந்து மெஷினைத் திறக்கும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

சொந்தமாகப் பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதல் கேள்வி, இதற்கு ஊசியும் குத்தூசியும் இப்போது எங்கே கிடைக்கும்? விற்பவரிடம் பதில் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஊசி கிடைக்காத மெஷின் வெறும் இரும்பு. அடுத்து, பிளக்கை எடுத்துவிட்டு ஊசிப் பிடியையும் குத்தூசிப் பிடியையும் விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால், சரிசெய்யும் செலவு மெஷின் விலைக்குப் பக்கத்தில் வரும். கை வீலை முழுச் சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் கனமாக இருந்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். கடைசியாக, விற்பவர் வைத்திருக்கும் மென்மையான தோலில் தைத்துக் காட்டினால் போதாது. நீங்கள் தினமும் தைக்கும் தடிமனில் தோலையும் ரப்பரையும் ஒட்டி எடுத்துப் போங்கள், உங்கள் நூலையும் சேர்த்து. தைக்கச் சொல்லி, அங்கேயே அறுத்துப் பூட்டைப் பாருங்கள். அதன் பிறகு விலை பேசுங்கள்.